நல்லதண்ணி விடும்போது என்ஜின் ஓடணுமா, நிற்கணுமா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலோ எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து விழிஞ்ஞத்திலோ, கடலிலிருந்து கரையேறிய படகு என்ஜினை எப்படிக் கழுவுவது என்று கேட்டுப் பாருங்கள். "ஓடவிட்டுக் கழுவினாத்தான் உள்ளே போகும்" என்பார் ஒருவர். "ஓட்டிராதே, பம்பு போயிரும்" என்பார் அடுத்தவர். விசைப்படகில் வேலை பார்ப்பவர், "முதல்லயே பைப்பைத் திறந்தா என்ஜினே போச்சு" என்று பயமுறுத்துவார்.

மூவரும் சொல்வது சரிதான். ஆனால் மூவர் மனதிலும் இருப்பது வேறு வேறு என்ஜின். ஒருவருக்குச் சரியான முறை இன்னொருவரின் என்ஜினை ஒரே நாளில் கெடுத்துவிடும். எது யாருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: கழுவும் தண்ணீர் என்ஜினுக்குள் எந்த இடத்தில் நுழைகிறது, எந்த இடத்தில் வெளியேறுகிறது. இந்த இரண்டும் தெரிந்தால், ஓட்டுவதா நிறுத்துவதா என்பதை யாரிடமும் கேட்காமலே சொல்லிவிடலாம். அதற்கு முன், கழுவவேண்டிய தேவை என்ன என்பதைப் பார்ப்போம்.

உப்பு வேலையைத் தொடங்கும் நேரம்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் 85 சதவீதத்துக்குச் சற்று மேல் சோடியமும் குளோரைடும், அதாவது நம் சாப்பாட்டு உப்பு. மிச்சம் மெக்னீசியம், கால்சியம், சல்பேட் போன்றவை.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை, அதைக் குளிர்விக்கப் பம்பு உள்ளே இழுக்கும் இந்த நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போய்விடும். தங்குவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. சிக்கல் தொடங்குவது என்ஜினை நிறுத்திய பிறகுதான். பம்பு நின்றுவிடும், இரும்பும் அலுமினியமும் இன்னும் சூடாக இருக்கும். குளிர்விக்கப் புதுநீர் வராததால், நிறுத்திய சில நிமிடங்களுக்கு உள்சூடு குறையாமல் கொஞ்சம் கூடவும் செய்யும். சுவர்களில் ஒட்டியிருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் ஆவியாக, உப்பு மட்டும் அங்கேயே தங்கும். அடுப்பில் வைத்த சட்டியில் உப்புநீர் வற்றுவதைப் போலத்தான்.

காய்ந்த உப்பு அத்தனை ஆபத்தானதில்லை. ஆனால் நம் கரையில் உப்பு காய்ந்தபடி கிடப்பதே இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம், ஏறக்குறைய 33 சதவீதமே போதும். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி போன்ற கரைகளில் பெரும்பாலான இரவுகளில் காற்று இந்த அளவைத் தாண்டியிருக்கும். மழைக்காலத்தில் உப்புப் பாத்திரத்தில் அரிசி போட்டு வைப்பது இதனால்தான். என்ஜினுக்குள் அரிசி போட முடியாது. அங்கே உப்பு இரவில் கசிந்து பகலில் உலரும், மறுநாள் இரவு மீண்டும் கசியும். ஈர உப்பும் காற்றின் ஆக்ஸிஜனும் சேரும் அந்த நேரத்தில்தான் அரிப்பு நடக்கிறது.

அலுமினியத்துக்கு இயற்கையாகவே ஒரு காப்பு உண்டு. காற்று பட்டவுடன் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கிறது. அதனால் என்ஜின் சீராகத் தேயாமல் குழிகுழியாகப் பொத்துப்போகிறது. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் இன்னும் மோசம். இரண்டு உலோகமும் நடுவில் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு சிறிய பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைந்துபோவது அலுமினியம். தெர்மோஸ்டாட் (சூடானால் மட்டும் திறந்து நீரை விடும் கதவு) மூடியின் போல்ட்டைக் கழற்றப் போனால் அது சுற்றாமல் முறிந்து கையோடு வருகிறது அல்லவா? திருகு மரைக்குள் இறுகிக் கிடக்கும் அந்த வெள்ளைப் பொடி, அரித்துப்போன அலுமினியம்தான்.

உள்ளே சேர்பவை இரண்டு வகை என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். சாப்பாட்டு உப்பு தண்ணீரில் தாராளமாகக் கரையும். ஒரு லிட்டரில் 350 கிராமுக்கு மேல் கரைந்துவிடும், கழுவினால் போய்விடும். சுண்ணாம்புப் படிவு அப்படியில்லை. நீர் சூடாகச் சூடாக அது கரையாமல் பிரிந்து சுவரில் படியும். நேரடியாகக் கடல்நீரில் குளிரும் என்ஜின்களுக்கு 50, 60 டிகிரி அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கார் என்ஜினைப்போல 80, 90 டிகிரியில் ஓடவிட்டால் கொஞ்ச நாளில் நீர்ப்பாதை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். "தெர்மோஸ்டாட்டை வேற மாத்திப் போடலாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் போகும் பாதை

நம் கரையில் பொதுவாகப் பார்க்கும் ஏற்பாடுகள் இரண்டு.

1. பைபர் வள்ளங்களின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு. இதன் கால் தண்ணீருக்குள் இருக்கும். காலின் இருபுறமும் சல்லடைபோன்ற துளைகள், அவற்றுக்கு மேலே ஒரு சிறிய பம்பு. பம்புக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் சுழலும். அது கடல்நீரை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாக மேலே என்ஜின் தலைக்கு ஏற்றும். சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளில் ஓடிய நீர் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, புகையோடு சேர்ந்து கால் வழியாகவே கீழே இறங்கும். நடுவில் ஒரு சிறு கிளை பிரிந்து, பக்கவாட்டுத் துளையிலிருந்து நூல்போலப் பீச்சும். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

2. விசைப்படகின் உள்ளே இருக்கும் டீசல் என்ஜின். பெரும்பாலும் இதில் இரண்டு சுற்று உண்டு. என்ஜினுக்குள் ஓடுவது கூலண்ட் கலந்த நல்லநீர். அது சூடானதும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உருளைக்குள் போகும். அந்த உருளைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் கடல்நீர் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். கடல்நீர் படகின் அடியிலுள்ள வால்வு வழியாக ஏறி, வடிகட்டி, பம்பு, எக்ஸ்சேஞ்சர் என்று வரிசையாகப் போகும். அதற்குப் பிறகு சில படகுகளில் தனிக்குழாய் வழியே வெளியே கொட்டும். வேறு சில படகுகளில் புகைக்குழாய்க்குள் கலந்து, புகையையும் குளிர்வித்துக்கொண்டு வெளியேறும். இந்தக் கடைசி வேறுபாட்டில்தான் ஒரு என்ஜினின் உயிரே இருக்கிறது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

கீல் கூலர் வைத்த படகுகளும் உண்டு. அவற்றில் கூலண்ட்டே படகின் அடியில் பொருத்திய குழாய்க்குள் போய்க் குளிர்ந்து வரும், கடல்நீர் உள்ளே ஏறுவதில்லை. அப்படிப்பட்ட படகுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஓடவிட்டா, நிறுத்திவிட்டா?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம்.

1. இயர்மஃப் வைத்துக் கழுவும்போது: ஓடவேண்டும். இயர்மஃப் என்பது இரண்டு ரப்பர் கிண்ணங்களை ஒரு கம்பியில் கோத்த கருவி. காலின் துளைகளை இரண்டு பக்கமும் மூடி, அதில் பைப்பைச் செருகுவார்கள். தண்ணீர் நுழையும் இடம் பம்புக்குக் கீழே இருப்பதால், பம்பு சுற்றினால்தான் அது மேலே ஏறும். முதலில் பைப்பைத் திறக்கவேண்டும், கிண்ண ஓரத்தில் தண்ணீர் வழிந்த பிறகே ஸ்டார்ட் செய்யவேண்டும். இம்பெல்லருக்கு எண்ணெயும் கிரீஸும் அந்தத் தண்ணீர்தான். காய்ந்த நிலையில் சுற்றினால் ரப்பர் இதழ்கள் சீக்கிரமே கருகிவிடும். நியூட்ரலில், மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் ஓடட்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் பைப் தருவதைவிடப் பம்பு கேட்பது கூடிவிடும், கிண்ணம் காற்றை உறிஞ்சும்.

2. டிரம்முக்குள் இறக்கிக் கழுவும்போது: இதிலும் ஓடவேண்டும், காரணம் அதேதான். விசிறிக்கு (புரொப்பல்லர்) மேலே உள்ள கிடைத்தகடு முழுவதும் மூழ்கும்படி நீர் இருக்கவேண்டும். விசிறியைக் கழற்றிவிடுவது நல்லது. டிரம்முக்குள் விசிறி ஒரு சுற்று சுற்றினாலே தண்ணீர் பாதி வெளியே போய்விடும், கை போனால் அதைவிட மோசம். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

3. என்ஜின் தலையில் உள்ள பைப் முனையில் கழுவும்போது: பெரும்பாலும் நிறுத்திவைக்கவேண்டும். புதிய நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றில் தோட்டத்து பைப்பைத் திருகி மாட்ட ஒரு முனை உண்டு. அங்கே தண்ணீர் பம்பைத் தொடாமல் நேராக மேலே நுழைகிறது. இந்த நேரத்தில் என்ஜினை ஓட்டினால் கீழே பம்புக்குப் போதிய நீர் கிடைக்காமல் இதழ்கள் உரசிக் கருகும். "ஓட்டிராதே, பம்பு போயிரும்" என்றவர் இந்த வகை என்ஜின்காரர். யமஹா மேனுவல்கள் இந்த முறைக்கு என்ஜினை ஓட்டவேண்டாம் என்றே சொல்கின்றன, தண்ணீரை சுமார் 15 நிமிடம் விடச் சொல்கின்றன. குறைந்த வேகத்தில் ஓட்டலாம் என்று சொல்லும் வேறு கம்பெனி மாடல்களும் உண்டு. உங்கள் என்ஜினோடு வந்த மேனுவலில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்ததும் அந்த முனையை அதன் இடத்தில் இறுக்கி மாட்ட மறந்தால், மறுநாள் கடலில் குளிர்நீர் அந்த வழியாகவே கசிந்து என்ஜின் சூடேறும்.

4. விசைப்படகு டீசல் என்ஜினில்: ஓடவேண்டும், ஆனால் வரிசை தலைகீழ். அவுட்போர்டில் தண்ணீர் முதலில், என்ஜின் பிறகு. இங்கே என்ஜின் முதலில், தண்ணீர் பிறகு. நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூடி, உடனே என்ஜினை நிறுத்தவேண்டும்.

நான்காவதற்குக் காரணம் கொஞ்சம் விரிவாகவே சொல்லத்தக்கது. கடல்நீர் புகைக்குழாய்க்குள் கலக்கும் படகில், அந்த நீரை வெளியே தள்ளுவது புகையின் அழுத்தம். என்ஜின் ஓடாதபோது அந்த அழுத்தம் இல்லை. பைப்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் தண்ணீர் பம்பின் இதழ்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முதலில் சைலன்சர் நிரம்பும், பிறகு புகைக்குழாய். அதற்கும் மேலே ஏறினால் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே போக இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். என்ஜினைக் காப்பாற்றச் செய்த வேலையே என்ஜினைப் பிரித்துப் போட வைத்துவிடும்.

இந்தப் பயத்தை ஒரேயடியாகப் போக்க ஒரு வழி இருக்கிறது. அழுத்தமுள்ள பைப்பை நேரடியாக மாட்டவே வேண்டாம். அடி வால்வை மூடிவிட்டு, பம்பின் உறிஞ்சு குழாயை ஒரு பெரிய வாளியில் போடுங்கள். வாளியில் பைப் ஓடட்டும். பம்பு தனக்கு வேண்டியதை மட்டும் உறிஞ்சும், என்ஜின் நின்றால் உறிஞ்சுவதும் நிற்கும். வாளி காலியாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். சில நூறு ரூபாய்க்கு விற்கும் கருவிகளைவிட இந்த வாளியை நம்பலாம் என்பது என் கருத்து.

கழுவி முடித்தவர்கள் அடி வால்வைத் திறக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. மறுநாள் ஸ்டார்ட் செய்தால் பம்பு வெறுமனே சுற்றி இம்பெல்லர் கருகும். அதனால் வால்வை மூடியவுடன் என்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிடுவது நல்ல பழக்கம். சாவி எடுக்கப் போகிறவர் வால்வைப் பார்க்காமல் வரமுடியாது.

எந்தத் தண்ணீர்?

கடலோர ஊர்களில் நல்லதண்ணி எளிதில் கிடைப்பதில்லை. குழாயில் வரும் குடிநீரை என்ஜினுக்கு ஊற்றினால் வீட்டில் சண்டை வரும், அது நியாயமும்கூட. கிணறுகள் பெரும்பாலும் உவர். அந்த உவர்நீரை விடலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. கடல்நீரில் இருப்பது 35,000. வாயில் வைக்க முடியாத கிணற்று நீரில்கூட 3,000, 4,000 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது கடலில் பத்தில் ஒரு பங்குதான். கழுவாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கழுவிய பிறகு உள்ளே தங்கப்போவது கடைசியாக விட்ட தண்ணீர் மட்டுமே. எனவே முதல் பத்து நிமிடத்துக்கு உவர்க்கிணற்று நீர் போதும், கடைசிக்கு இரண்டு குடம் நல்லதண்ணி இருந்தால் வேலை முடிந்தது. நல்லதண்ணியால் முதலிலிருந்தே கழுவுவது தண்ணீருக்குத்தான் நஷ்டம்.

ஆற்றுநீர் கிடைக்கும் இடத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேரும் பொழிமுகத்தில், மழை நாட்களில் மேல்நீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தால் உப்பே தெரியாது. அந்த நம்பிக்கையில் வள்ளத்தை ஆற்றுப்பக்கம் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் ஓட்டினால் கழுவியாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. கடல்நீர் நல்லநீரைவிடக் கனமானது, ஆகவே ஆற்றுநீருக்கு அடியில் ஆப்புபோல நுழைந்து கிடக்கும். என்ஜின் உறிஞ்சுவதோ மேற்பரப்பிலிருந்து கிட்டத்தட்ட அரை மீட்டர் ஆழத்தில். மேலே ஆறு, கீழே கடல். சோதிக்கவேண்டுமானால் ஆற்றுநீரைச் சுவைக்காதீர்கள். பக்கத் துளையிலிருந்து பீச்சும் தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். என்ஜின் உண்மையில் எதைக் குடிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். வெள்ளம் கலங்கி வரும்போது இந்த முறை வேண்டவே வேண்டாம், மணல் இம்பெல்லரைத் தேய்த்துவிடும்.

ஆந்திர எல்லைப்பக்கம் பழவேற்காட்டில் இது வேறு மாதிரி. அங்கே ஏரி என்ற பெயரை நம்பக்கூடாது. கோடையில் முகத்துவாரம் தூர்ந்து நீர் வற்றும்போது ஏரிநீர் கடலைவிட உப்பாகிவிடுவது உண்டு.

பொது டிரம்முக்கும் ஒரு கணக்கு. 150 லிட்டர் நீர் நிறைந்த டிரம்மில் ஒவ்வொரு என்ஜினும் ஒரு லிட்டர் கடல்நீருக்குச் சமமான உப்பை விட்டுச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் என்ஜினுக்குப் பிறகு லிட்டருக்கு 0.2 கிராமுக்குச் சற்று மேல் உப்பு இருக்கும், குடிநீர் அளவுதான். பத்தாவது என்ஜின் இறங்கும்போது 2 கிராமைத் தாண்டியிருக்கும். உப்பைவிட மேலே மிதக்கும் எண்ணெயும் மணலும் அப்போது பெரிய தொல்லை. டிரம்மில் இறக்குமுன் காலின் வெளிப்பக்கத்தில் ஒரு குவளை ஊற்றி வழித்துவிட்டால், டிரம் இன்னும் சில என்ஜின்களுக்குத் தாங்கும்.

எவ்வளவு நேரம்?

ஒரு பாத்திரத்தில் இருக்கும் உப்புநீரை, புதுநீர் விட்டுக் கலக்கி வழியவிட்டுக்கொண்டே இருந்தால், பாத்திரத்தின் கொள்ளளவைப்போல ஐந்து மடங்கு நீர் போனபின் பழைய உப்பில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. அப்படிப் பார்த்தால் என்ஜினுக்கு ஒரு நிமிடம் போதும்போலத் தோன்றும். ஆனால் என்ஜின் பாத்திரம்போல எளிமையானது இல்லை. அதில் நீர் சுழலாத மூலைகள் உண்டு. ஏற்கனவே கட்டியாகிவிட்ட உப்பு கரைய நேரம் பிடிக்கும். இவற்றுக்கு மேல் தெர்மோஸ்டாட் என்ற கதவு இருக்கிறது.

என்ஜின் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். ஓடவிட்டுக் கழுவும்போது அது திறக்கும்வரை தலைப்பகுதி அறைகளில் நீர் முழுமையாக ஓடாது. நேற்று நிறுத்திய என்ஜினை இன்று டிரம்மில் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, "பீச்சுது, சரியாயிருக்கு" என்று நிறுத்துபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பல என்ஜின்களில் அந்தப் பீச்சும் கிளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. கதவு மூடியிருந்தாலும் அது பீச்சும். குறைந்த வேகத்தில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஓடி, சிலிண்டர் தலை கையைப் பொறுக்கவிடாத சூட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவேண்டும். கரைக்கு வந்த கையோடு கழுவினால் சூடும் இருக்கும், உப்பும் இன்னும் கட்டியாகியிருக்காது. ஒரே ஒரு விலக்கு: சூடேறி அலாரம் அடித்து நின்ற என்ஜினில் உடனே குளிர்ந்த நீரை விடாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டானால், நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டும் பழக்கத்தை இந்தப் பத்து நிமிடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். கார்புரேட்டரும் சுத்தமாகும், நாளை ஸ்டார்ட்டும் எளிது.

பைப்பின் அழுத்தத்தையும் பார்க்கவேண்டும். பத்து மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். வீட்டு மொட்டைமாடித் தொட்டி மூன்று, நான்கு மீட்டர்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு. நிறுத்திவைத்துக் கழுவும் முறைக்கு அது சில நேரம் போதாது. தலையில் மாட்டிய பைப்பிலிருந்து நீர் தாராளமாகக் கீழே கொட்டவில்லை என்றால் அதை விட்டுவிட்டு டிரம்முக்குப் போங்கள். டிரம்மில் என்ஜினின் சொந்தப் பம்பே இழுத்துக்கொள்ளும்.

கழுவியதும் என்ஜின் நிமிர்ந்து நிற்கவேண்டும், எல்லா நீரும் வடியட்டும். அலையடிக்கும் கரையில் வள்ளத்தை ஏற்றும்போது காலைத் தூக்கித்தான் ஆகவேண்டும், அந்தச் சாய்வில் கடல்நீர் மடிப்புகளில் தேங்கும். கழற்றித் தோளில் சுமக்கும் சிறிய என்ஜின்களில் இன்னொரு கவனம் தேவை. நீர் வடியுமுன் தலை கீழேயும் கால் மேலேயும் இருக்கும்படி தூக்கினால், காலில் நிற்கும் நீர் புகைவழியாக சிலிண்டருக்குள் இறங்கும். தலை எப்போதும் மேலேயே இருக்கட்டும்.

கழுவினாலும் போகாதவை

ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்ததும் கழுவவேண்டும் என்று மேனுவல் சொல்லும். தினமும் போகும் வள்ளத்துக்கு அது நடக்காத காரியம். தினமும் ஓடும் என்ஜினில் அடுத்த நாள் கடல்நீரே பழைய உப்பில் பெரும்பகுதியைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அது அழிவது சும்மா கிடக்கும் நாட்களில். எனவே இரண்டு நாளைக்கு மேல் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் கட்டாயம் கழுவுங்கள். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வந்து வள்ளங்கள் கரையில் ஏறும் மாலைதான் கழுவவேண்டிய மாலை.

ஆனால் எத்தனை முறை கழுவினாலும் சுண்ணாம்புப் படிவு போகாது. அதற்கு வினிகர், சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலமோ, இதற்கென்றே விற்கும் கரைசலோ வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றும் குறுக்குவழி சில இடங்களில் உண்டு. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், அலுமினியத்தையும் சேர்த்தே கரைக்கும்.

தேய்ந்த இம்பெல்லரும் கழுவலால் சரியாகாது. பீச்சும் நீர் மெலிந்தால் முதலில் துளைக்குள் ஒரு துண்டு தங்கூசியை (மீன்பிடி நைலான் நரம்பு) விட்டுக் குத்திப் பாருங்கள், உப்போ மணலோ அடைத்திருக்கலாம். அதற்குப் பிறகும் மெலிந்தே இருந்தால் இம்பெல்லரைத் திறந்து பார்க்கவேண்டியதுதான்.

ஜிங்க் கட்டையும் அப்படித்தான். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் வேலை. பாதி கரைந்தால் மாற்றவேண்டும். கரையவே இல்லை என்றால் சந்தோஷப்படக்கூடாது, ஒன்று அது என்ஜினோடு சரியாகத் தொடர்பில் இல்லை, அல்லது மேலே படலம் படிந்து செயலிழந்திருக்கிறது. ஆற்றுநீரிலேயே அதிகம் கிடக்கும் படகுகளில் ஜிங்க் இப்படிச் செயலிழக்கும். அங்கே அலுமினியக் கட்டை பொருத்தம். பெயின்ட் அடிக்கும்போது கட்டைக்கும் சேர்த்து அடித்துவிடுபவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

பொழிமுகத்தில் என்ன ஆகிறது

நீர்ப்பாதை பாதி அடைத்த என்ஜின் எல்லா நேரமும் காட்டிக்கொடுக்காது. மெதுவாக ஓடும்போது சூடு சாதாரணமாகத்தான் இருக்கும். முழுவேகத்தில் உருவாகும் சூட்டை மட்டும் அந்தக் குறுகிய பாதையால் வெளியேற்ற முடியாது. வள்ளம் முழுவேகம் கேட்கும் இடம் எது? அலையைத் தாண்டும் பொழிமுகம். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடையும் இடத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. புதிய அவுட்போர்டுகள் சூடு மீறினால் தங்களைக் காத்துக்கொள்ளத் தாங்களே வேகத்தைக் குறைத்துவிடும். என்ஜினுக்கு அது பாதுகாப்பு. பின்னால் அலை எழும்பி வரும் நேரத்தில் வள்ளத்தில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. பொழிமுகத்துக்கு உள்ளேயே, அமைதியான நீரில், ஒரு நிமிடம் முழுவேகம் கொடுத்துப் பீச்சும் நீரையும் சூட்டையும் பார்த்துவிட்டு வெளியேறுவது நல்லது.

61 நாள் ஓய்வு

தமிழகத்தின் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். கேரளத்தில் இழுவைமடித் தடை 52 நாள், அதுவும் ஜூலை 31-ல்தான் முடிகிறது. அத்தனை நாளும் எக்ஸ்சேஞ்சருக்குள் கடல்நீர் தேங்கினால், அதிலுள்ள நுண்ணுயிரும் சிப்பிக்குஞ்சும் செத்து அழுகும். தடை முடிந்து வடிகட்டி மூடியைத் திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. எக்ஸ்சேஞ்சர் குழாய்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். ஓடும் கடல்நீரை நன்றாகத் தாங்கும் அந்த உலோகத்தை இந்த வாயு அரித்துவிடும்.

தடைக்காலத்துக்கு முன் செய்யவேண்டியவை:

1. வாளி முறையில், என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் நல்லநீர் ஓடட்டும்.
2. எக்ஸ்சேஞ்சரின் வடிகால் திருகைத் திறந்து நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஜிங்க் பென்சிலையும் (பென்சில் வடிவ ஜிங்க் கட்டை) அப்போதே பார்த்துவிடலாம்.
3. இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். இரண்டு மாதம் ஒரே நிலையில் மடங்கிக் கிடக்கும் ரப்பர் இதழ் அப்படியே வளைந்துபோகும்.
4. கழற்றிய இம்பெல்லரையும் என்ஜின் சாவியையும் ஒரே கயிற்றில் கட்டி, மூடிய அடி வால்வின் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். ஜூலை 31 இரவு ஐஸும் டீசலும் ஏற்றும் அவசரத்தில் சாவியைத் தேடும் கை நேராக வால்வுக்கே போகும்.